புளூடூத் எந்த இடத்தில் அறுகிறது?

“லேப்டாப்ல புளூடூத் வேலை செய்யல” என்று ஒருவர் சொன்னால், அந்த ஒரு வாக்கியத்துக்குள் குறைந்தது ஐந்து வெவ்வேறு கோளாறுகள் இருக்கலாம். புளூடூத்தை ஆன் செய்யும் பொத்தானே காணாமல் போயிருக்கலாம். பொத்தான் இருந்தும் இயர்பட்ஸின் பெயர் பட்டியலில் வராமல் இருக்கலாம். பெயர் வந்து, ஏற்கெனவே பழகிய சாதனம்தான் என்று காட்டிவிட்டு, இணைய மட்டும் மறுக்கலாம். இணைந்த பிறகு பாட்டு விட்டு விட்டு வரலாம். எல்லாம் ஒழுங்காக இருந்து, மீட்டிங்கில் சேர்ந்த நொடியில் மட்டும் எதிர்முனைக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மாறலாம்.

ஐந்துக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. ஆனால் தேடிப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் கிடைக்கும்: ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள், டிரைவரை (சாதனத்தை இயக்கும் மென்பொருளை) அப்டேட் செய்யுங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள். சில நேரம் அது பலித்தும்விடும். ஏன் பலித்தது என்று தெரியாததால், அடுத்த முறை பலிக்காதபோது செய்வதறியாமல் நிற்க வேண்டியிருக்கிறது. எந்தக் கட்டத்தில் அறுகிறது என்று முதலில் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

பொத்தானே காணவில்லை என்பதிலிருந்து தொடங்கலாம். ஆளை அதிகம் பயமுறுத்துவது அதுதான். நேற்று வரை இருந்த புளூடூத், இன்று காலை செட்டிங்ஸில் இல்லவே இல்லை. வைஃபை மட்டும் நன்றாக ஓடுகிறது. ‘வைஃபையும் புளூடூத்தும் ஒரே கார்டுதானே, ஒன்று ஓடினால் இன்னொன்றும் ஓட வேண்டாமா?’ என்ற குழப்பம் இங்கேதான் வரும்.

ஒரே கார்டுதான். இன்றைய லேப்டாப்களில் பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் அகலமும் 30 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஒரு சின்னப் பலகையில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். ஆனால் மதர்போர்டுடன் பேசும் வழி இரண்டுக்கும் வேறு. வைஃபை வழக்கமாக பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற உள்பாதை வழியாகப் போகும். புளூடூத்தோ பெரும்பாலான மாடல்களில் யூஎஸ்பி வழியாகப் போகும். வெளியே எந்தத் துளையும் தெரியாது, கேபிளும் தெரியாது. ஆனாலும் உள்ளுக்குள் அது ஒரு யூஎஸ்பி சாதனம். பென் டிரைவ் சில நேரம் செருகியும் தெரியாமல் போகிறதே, அதே நோய் இதற்கும் வரும்.

விண்டோஸில் எல்லாச் சாதனங்களையும் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ‘புளூடூத்’ என்ற தலைப்பு இருக்காது. கொஞ்சம் கீழே யூஎஸ்பி பட்டியலுக்குள் மஞ்சள் முக்கோணத்துடன் ‘அன்நோன் யூஎஸ்பி டிவைஸ்’ என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். அதன் பிராப்பர்ட்டீஸில் பெரும்பாலும் ‘கோட் 43’ என்றிருக்கும். ‘டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு’ என்றும் அடைமொழி இருந்தால், ‘நீ யார்?’ என்று விண்டோஸ் கேட்டதற்கு அந்தச் சாதனம் பதிலே சொல்லவில்லை என்று பொருள். இந்த நிலையில் எத்தனை டிரைவர் இறக்கிப் போட்டாலும் பயனில்லை. பெயர் சொல்லாத சாதனத்துக்கு எந்த டிரைவரை மாட்டுவது? டிரைவர் அப்டேட் செய்து தருகிறேன் என்று காசு கேட்கும் மென்பொருள்கள் இந்த இடத்தில்தான் நிறையப் பேரைப் பிடிக்கின்றன. அவற்றின் பக்கமே போக வேண்டாம் என்பேன்.

இங்கே தேவை அந்தச் சிப்புக்குப் போகும் மின்சாரத்தை முழுவதுமாக வெட்டி, அதைப் புதிதாக எழ வைப்பது. ‘நான்தான் தினமும் ராத்திரி ஷட் டவுன் செய்கிறேனே’ என்பார்கள். விண்டோஸ் 8 வந்த 2012 முதல், ‘ஷட் டவுன்’ என்பது பெரும்பாலான லேப்டாப்களில் முழு அணைப்பு இல்லை. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்றொரு வசதி இருக்கிறது. நீங்கள் திறந்து வைத்த புரோகிராம்கள் மூடப்படும். ஆனால் விண்டோஸின் உள்மையமும் டிரைவர்களும் இருந்த நிலை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைக்கப்படும். காலையில் ஆன் செய்யும்போது அதே நிலைதான் திரும்ப ஏற்றப்படும். முந்தின நாள் ராத்திரி டிரைவர் குழம்பிய நிலையில் இருந்திருந்தால், காலையிலும் அதே குழப்பத்தோடுதான் எழும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் இப்படி நடக்காது. அது எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும். ஷட் டவுனைவிட ரீஸ்டார்ட் ஆழமான வேலை என்பது கேட்க விநோதமாகத்தான் இருக்கிறது.

ஆனால் கோட் 43 விஷயத்தில் ரீஸ்டார்ட்டும் சில நேரம் போதாது. ரீஸ்டார்ட் ஆகும்போதும், லேப்டாப் அணைந்து கிடக்கும்போதும்கூட அந்தக் கார்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கலாம். அதனால் ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி ‘ஷட் டவுன்’ கொடுங்கள். அது முழு அணைப்பு. சார்ஜரைக் கழற்றுங்கள். செருகியிருக்கும் பென் டிரைவ், மவுஸ் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். பேட்டரி கழற்றக்கூடிய பழைய மாடல் என்றால் அதையும் எடுத்துவிடலாம். பிறகு பவர் பட்டனை ஒரு 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். கொஞ்ச நேரம் சும்மா வைத்துவிட்டு, சார்ஜரை மாட்டி ஆன் செய்யுங்கள். காணாமல் போன புளூடூத் எதுவுமே நடக்காத மாதிரி திரும்பி வருவதைப் பல பேர் பார்த்திருக்கிறார்கள். இதில் மந்திரம் இல்லை. மிச்சமிருந்த மின்சாரம் வடிந்தபின் சிப் சுத்தமாகத் தொடங்கியது, அவ்வளவுதான்.

திரும்பத் திரும்ப இதே கதை என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். கன்ட்ரோல் பேனலில் ‘பவர் ஆப்ஷன்ஸ்’ போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை எடுத்துவிடலாம். எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் உள்ள லேப்டாப்பில் பூட் ஆகும் நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. இன்னொன்று, டிவைஸ் மேனேஜரில் புளூடூத் அடாப்டரின் ‘பவர் மேனேஜ்மென்ட்’ பக்கம். மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைத்துக்கொள்ளலாம் என்று அங்கே ஒரு டிக் இருக்கும். லேப்டாப்பை மூடித் திறந்த பிறகுதான் புளூடூத் போகிறது என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும். டிக்கை எடுத்துவிட்டு இரண்டு நாள் பார்க்கலாம். எதுவும் நடக்கவில்லை என்றால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே எழும் அடிப்படை அமைப்புகளில்) புளூடூத் முடக்கப்பட்டிருக்கிறதா என்று ஒரு பார்வை. அலுவலகம் கொடுத்த லேப்டாப்களில் இது சகஜம். அதற்கும் மேலே போனால் கார்டே தளர்ந்திருக்கும் அல்லது செத்திருக்கும்.

இரண்டாவது கோளாறு, பட்டியலில் பெயர் வராதது. இதற்கு அதிகம் பேச வேண்டியதில்லை. பாதி நேரம் இயர்பட்ஸ் உங்கள் பாக்கெட்டில் இருக்கும் போனோடு சத்தமில்லாமல் இணைந்திருக்கும். கேஸைத் திறந்த உடனே கடைசியாகப் பழகிய சாதனத்தைத் தேடிப்போவது அதன் வழக்கம். போனில் புளூடூத்தை அணைத்துவிட்டு, இயர்பட்ஸின் பொத்தானை விளக்கு வேகமாக மின்னும் வரை அழுத்திப் பிடித்தால் பெயர் வரும். விண்டோஸ் 11-இல் இன்னொரு சங்கதி உண்டு. ‘புளூடூத் டிவைசஸ் டிஸ்கவரி’ என்ற அமைப்பு ‘டீஃபால்ட்’ என்று இருந்தால், வழக்கமான வகைச் சாதனங்களை மட்டுமே காட்டும். கொஞ்சம் அபூர்வமான கருவி என்றால் அதை ‘அட்வான்ஸ்டு’ ஆக மாற்ற வேண்டும். ரொம்பப் பழைய லேப்டாப்பில் புது புளூடூத் மவுஸ் தெரியவில்லை என்றால் அது கோளாறே இல்லை. குறைந்த மின்சாரத்தில் இயங்கும் புளூடூத் முறை 2010-இல் 4.0 பதிப்போடுதான் வந்தது. அதை மட்டுமே பேசும் மவுஸை அதற்கு முந்தைய அடாப்டருக்குப் பார்க்கத் தெரியாது.

மூன்றாவது, பெயர் இருக்கிறது, ‘பேர்டு’ (ஏற்கெனவே பழகியது) என்றும் காட்டுகிறது, ஆனால் ‘கனெக்டட்’ ஆக மறுக்கிறது. இரண்டு சாதனங்களை முதல்முறை இணைக்கும்போது, இருவரும் சேர்ந்து ஒரு ரகசிய எண்ணை உருவாக்கி ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்தடுத்த முறை அந்த எண் பொருந்தினால்தான் பேச்சே நடக்கும். ஹெட்செட்டை ரீசெட் செய்தாலோ, விண்டோஸைப் புதிதாக நிறுவினாலோ ஒரு பக்கத்துப் பிரதி அழிந்துவிடும். இன்னொரு பக்கம் பழையதையே வைத்துக்கொண்டு நிற்கும். அப்போது ஆஃப் செய்து ஆன் செய்வதில் ஒரு பயனும் இல்லை. லேப்டாப்பில் அந்தச் சாதனத்தை ‘ரிமூவ்’ செய்து, ஹெட்செட்டிலும் பழைய பழக்கத்தை அழித்து, புதிதாக இணைக்க வேண்டும். இரண்டு பக்கமும் செய்வது முக்கியம். ஒரு பக்கம் மட்டும் செய்துவிட்டு ‘எல்லாம் பார்த்துவிட்டேன்’ என்பவர்கள்தான் அதிகம்.

ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் என இரண்டு இயங்குதளங்களை வைத்திருப்பவர்களை இது விசேஷமாகப் பாடாய்ப் படுத்தும். அடாப்டரின் முகவரி இரண்டிலும் ஒன்றே. ஆனால் விண்டோஸ் உருவாக்கிய எண் வேறு, லினக்ஸ் உருவாக்கிய எண் வேறு. மவுஸின் கண்ணுக்கு இது ஒரே கணினிதான், அதனால் கடைசியாக உருவான எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளும். லினக்ஸில் இணைத்தால் விண்டோஸில் போய்விடும். விண்டோஸில் இணைத்தால் லினக்ஸில் போய்விடும். ஒன்றில் இருக்கும் எண்ணை எடுத்து இன்னொன்றில் கையால் எழுதுவதுதான் நிலையான வழி. விண்டோஸில் அது ரெஜிஸ்ட்ரி என்ற அமைப்புக் கிடங்குக்குள்ளும், லினக்ஸில் ரூட் (நிர்வாகி) அனுமதி தேவைப்படும் ஒரு சாதாரண உரைக் கோப்பிலும் இருக்கும். முதலில் லினக்ஸிலும் அடுத்து விண்டோஸிலும் இணைத்துவிட்டு, விண்டோஸின் எண்ணை லினக்ஸில் எழுதுவது சுலபம்.

நான்காவது, பாட்டு விட்டு விட்டு வருவது. இது காற்றில் நடக்கும் கோளாறு. புளூடூத் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. யாரும் உரிமம் வாங்காமல் பயன்படுத்தலாம் என்பதால் வைஃபை, வயர்லெஸ் மவுஸ், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேயேதான் குடியிருக்கின்றன. பாட்டு கேட்கும் பழைய வகை புளூடூத் அந்த இடத்தை 79 சிறு அலைத்தடங்களாகப் பிரித்து, விநாடிக்கு 1600 முறை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. 2003-இல் வந்த 1.2 பதிப்பிலிருந்து, எந்தத் தடத்தில் இரைச்சல் அதிகம் என்று கவனித்து அதைத் தவிர்க்கும் புத்தியும் சேர்ந்தது. அதனால்தான் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு ரூட்டர் இருந்தும் புளூடூத் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது.

ஆனால் அதைச் சொந்த வீட்டுக்காரனே திணறடிப்பான். வைஃபையும் புளூடூத்தும் ஒரே கார்டு என்றோமே. லேப்டாப் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருந்தால், பல கார்டுகளில் இரண்டும் ஆண்டெனாவை முறை வைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். பெரிய கோப்பு ஒன்று இறங்கத் தொடங்கினால் பாட்டு திக்கும். இதற்கு டிரைவரைத் தொடவே வேண்டாம். ரூட்டரில் 5 ஜிகாஹெர்ட்ஸ் இருந்தால் லேப்டாப்பை அதற்கு மாற்றிவிட்டால் போதும். அது முடியாவிட்டால், ரூட்டரின் 2.4 அலைவரிசை அகலம் 40 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா என்று பார்த்து 20-ஆகக் குறைக்கலாம். மொத்தமே 83.5 மெகாஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 40-ஐ ஒரு ரூட்டரே எடுத்துக்கொண்டால் மற்றவை எங்கே போகும்?

பலர் சந்தேகிக்காத ஆள் ஒருவர் உண்டு: யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க். அதில் தரவு விநாடிக்கு 5 ஜிகாபிட் வேகத்தில் ஓடும்போது எழும் மின்னிரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸையும் தொடுகிறது. கேபிளிலும் சாக்கெட்டிலும் கசியும் அந்த இரைச்சல், பக்கத்தில் இருக்கும் ரிசீவரை மூழ்கடித்துவிடும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. சோதிப்பது எளிது. வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஏதாவது பெரிய படத்தைக் காப்பி போட்டுக்கொண்டே மவுஸை நகர்த்துங்கள். காப்பி ஓடும்போது மட்டும் அம்புக்குறி தடுக்கி விழுந்தால் குற்றவாளி அதுதான். ஹார்ட் டிஸ்க்கை லேப்டாப்பின் மறுபக்கத் துளைக்கு மாற்றுங்கள். புளூடூத் டாங்கிள் (யூஎஸ்பியில் செருகும் குட்டி அடாப்டர்) வைத்திருப்பவர்கள், அதை ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டி ஓரடி தள்ளி வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

சர்வீஸுக்குப் போய் வந்த லேப்டாப் என்றால் வேறொன்றும் பார்க்க வேண்டும். ஆண்டெனா பெரும்பாலும் திரையின் சட்டத்துக்குள் இருக்கும். அங்கிருந்து கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய வயர்கள் கீல் வழியாக இறங்கிக் கார்டில் சொருகப்பட்டிருக்கும். அதன் கொக்கி இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. கீபோர்டு மாற்றும்போதோ, ஃபேனைச் சுத்தம் செய்யும்போதோ அது கழன்றால் திரும்ப ‘டிக்’ என்று உட்கார வைக்கப் பொறுமை வேண்டும். சரியாக உட்காராத வயருக்கு ஓர் அடையாளம் உண்டு: லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்தால் ஹெட்செட் பாடும், எழுந்து நாலு அடி நடந்தால் அறுந்துவிடும். வைஃபை சிக்னலும் முன்பைவிட ஒன்றிரண்டு கோடு குறைந்திருக்கும். கடைக்காரரிடம் ‘புளூடூத் சரியில்லை’ என்பதைவிட ‘ஆண்டெனா வயரைப் பாருங்க’ என்று சொன்னால் சீக்கிரம் வேலை நடக்கும்.

கடைசிக் கோளாறு உண்மையில் கோளாறே இல்லை, வடிவமைப்பு அப்படி. பாட்டு அருமையாகக் கேட்கும் அதே ஹெட்செட், மீட்டிங்கில் சேர்ந்ததும் மட்டமாகிவிடும். பாட்டுக்கும் பேச்சுக்கும் புளூடூத்தில் தனித்தனி முறைகள். பாட்டு ஒருவழிப் பாதை: லேப்டாப்பிலிருந்து காதுக்கு மட்டும், ஸ்டீரியோவில், வழக்கமான எஸ்பிசி என்ற ஒலிச்சுருக்க முறையில் விநாடிக்கு 328 கிலோபிட் வரை போகும். மைக்கைத் திறந்த உடனே ஒலி திரும்பியும் வர வேண்டும். அதற்கு ‘ஹேண்ட்ஸ்ஃப்ரீ’ என்ற வேறு முறைக்கு மாற வேண்டியிருக்கிறது. கார்களிலும் ஒற்றைக்காது ஹெட்செட்களிலும் போன் பேசுவதற்காக வகுத்த முறை அது. மோனோ ஒலி, போகவும் வரவும் தலா 64 கிலோபிட்தான். அதன் பழைய வடிவம் ஒலியை அளந்து விநாடிக்கு 8000 மாதிரிகளை மட்டுமே எடுக்கும். மாதிரி எண்ணிக்கையில் பாதி அதிர்வெண் வரைதான் பிடிபடும் என்பதால், 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலி எதுவும் போகாது. ‘ஸ்’ என்ற ஒலியின் பெரும்பகுதி இருப்பதே அதற்கு மேலேதான். ‘பஸ்’, ‘பாஸ்’ போன்ற சொற்கள் மழுங்கிக் கேட்பது இதனால்தான். பின்னால் வந்த மேம்பட்ட வடிவம் இதை 16000-ஆக இரட்டிப்பாக்கியது. நல்ல ஹெட்செட்டில் பேச்சு இப்போது தெளிவாகவே கேட்கும், ஆனால் பின்னணியில் ஓடும் பாட்டைக் கேட்கச் சகிக்காது.

விண்டோஸ் 10-இல் ஒரே ஹெட்செட் இரண்டு பெயரில் தெரியும்: ஒன்று ‘ஸ்டீரியோ’, மற்றது ‘ஹேண்ட்ஸ்ஃப்ரீ’. விண்டோஸ் 11 அதை ஒன்றாக்கிவிட்டது, மாற்றம் மட்டும் உள்ளே நடக்கும். தீர்வு எளிது. மீட்டிங் செயலியில் ஸ்பீக்கராக ஹெட்செட்டையும், மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். ஹெட்செட் பாட்டு முறையிலேயே இருக்கும். சத்தமான இடத்தில் உட்கார்ந்து பேசுபவர்களுக்கு இது ஒத்துவராது. அவர்களுக்கு வயர் ஹெட்செட்தான் என் சிபாரிசு. எந்த அழைப்பிலும் இல்லாதபோதே ஒலி மட்டமாக இருந்தால், டாஸ்க்பாரில் மைக் சின்னம் தெரிகிறதா பாருங்கள். எங்கோ ஒரு பிரவுசர் டேப் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். 2022-இல் விதிமுறை முழுமையான ‘எல்இ ஆடியோ’ என்ற புது ஒலி முறை இந்த இரட்டை முறைச் சிக்கலைத் தீர்ப்பதற்காகவும் வந்ததுதான். விண்டோஸ் 11 அதை ஏற்கத் தொடங்கிவிட்டது. ஆனால் லேப்டாப், டிரைவர், ஹெட்செட் மூன்றும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

டிரைவரைப் பற்றி இவ்வளவு நேரம் குறைத்தே பேசியதற்குக் காரணம், அதன் மேல் தேவைக்கு மேல் பழி விழுகிறது என்பதுதான். தேவைப்படும் இடமும் உண்டு: அடாப்டர் சொந்தப் பெயரோடு டிவைஸ் மேனேஜரில் தெரிந்து, மஞ்சள் முக்கோணம் இருக்கும்போது, அல்லது விண்டோஸ் அப்டேட் வந்த மறுநாளே தொல்லை தொடங்கியிருக்கும்போது. இரண்டாவதில் பழைய டிரைவருக்குத் திரும்பும் ‘ரோல் பேக்’ கொடுத்தாலே போதும். புதிது வேண்டுமென்றால் லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து எடுங்கள். வைஃபை டிரைவரும் புளூடூத் டிரைவரும் தனித்தனிப் பொதிகள். வைஃபைக்கு மட்டும் போட்டுவிட்டு ‘அப்டேட் செய்தும் சரியாகவில்லை’ என்பவர்கள் நிறைய. லினக்ஸில் டிரைவரைவிட, சிப்புக்குள் ஓடும் நிரலான ஃபர்ம்வேர் கோப்பு இல்லாததே அதிகம் தொல்லை தரும், ஏனென்றால் பல சிப்புகளுக்கு ஒவ்வொரு முறை எழும்போதும் அதை ஏற்றியாக வேண்டும். அதற்கு முன்னால் ‘ஆர்எஃப்கில்’ கட்டளையைப் போட்டு, புளூடூத் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

எல்லாம் பார்த்தும் கார்டு எழவில்லை என்றால், கார்டை மாற்றலாம் அல்லது யூஎஸ்பி டாங்கிள் வாங்கலாம். சில பழைய மாடல்களில் தயாரிப்பாளர் அனுமதித்த கார்டை மட்டுமே பயாஸ் ஏற்கும், அதைக் கேட்டுக்கொண்டு வாங்குங்கள். டாங்கிளில் ‘சிஎஸ்ஆர் 4.0’ என்று ஒரு சிப் நிறுவனத்தின் பெயரை அச்சிட்டு மலிவாக வருபவற்றில் போலிச் சிப்புகள் ஏராளம். அவற்றின் கோணங்கித்தனங்களைச் சமாளிக்கவே லினக்ஸின் உள்மையமான கெர்னலில் தனி நிரல்வரிகள் எழுதப்பட்டிருக்கின்றன. 5-க்கு மேற்பட்ட பதிப்பாக, டிரைவர் எங்கே கிடைக்கும் என்று பெட்டியிலேயே சொல்லும் ஒன்றாகப் பார்த்து எடுக்கலாம். இன்னொரு விஷயம்: விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒரே புளூடூத் ரேடியோவோடுதான் ஒழுங்காக வேலை செய்யும். உள்ளே இருக்கும் கார்டு அரைகுறையாக உயிரோடு இருந்தால், டிவைஸ் மேனேஜரில் அதை ‘டிஸேபிள்’ செய்துவிட்டுத்தான் டாங்கிளைச் செருக வேண்டும். இல்லையென்றால் இரண்டும் அடித்துக்கொண்டு, புது டாங்கிளும் பழுது என்று கடைக்குத் திரும்பிப் போகும்.